ஐம்பது கிலோமீட்டர், இருபத்தேழு வருஷம்

வழக்கமா மாடு, மழை, மஞ்சள் வெலைன்னு எழுதறவன் இன்னிக்கு அமெரிக்கக் கதையோட வந்திருக்கானேன்னு பாக்கறீங்களா? அமெரிக்கா என்றதும் டவுனில் இருக்கிற உங்களுக்கு நியூயார்க் கட்டடங்கள்தான் ஞாபகத்துக்கு வரும். இது அந்த அமெரிக்கா இல்லைங்க. பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றி, மக்காச்சோளமும் சோயாவும் விதைத்து, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஊரே கூடுகிற அமெரிக்கா. வடக்கே கனடாவை ஒட்டிய மின்னசோட்டா மாநிலம். அதில் ஸ்டேர்ன்ஸ் கவுண்டி என்று ஒன்று. கவுண்டி என்பது நம்ம மாவட்டம் மாதிரி. ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியவர்களின் வம்சம் அதிகம். அந்த மாநிலத்திலேயே கறவை மாடு அதிகமுள்ள கவுண்டி அது.

அங்கே 11 வயசுப் பையன் ஒருத்தன் காணாமல் போனான். 27 வருஷம் தேடினார்கள். அவனைத் தேடி ஓடிய ஓட்டத்தில் ஒரு நாட்டின் சட்டமே மாறியது. கடைசியில் அவன் கிடைத்தது, தொலைந்த இடத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டரில், ஒரு மேய்ச்சல் நிலத்தில். கொண்டுபோனவன் பெயர் போலீஸ் காகிதத்தில் ஏறியதோ, பையன் தொலைந்த ரெண்டே மாதத்தில்.

இதை ஒரு துப்பறியும் கதையாகத்தான் எல்லாரும் எழுதுகிறார்கள். எனக்கு இது கிராமத்துக் கதையாகத் தெரிகிறது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

1989 அக்டோபர் 22, ஞாயிற்றுக்கிழமை. அறுவடைக் காலம். செயின்ட் ஜோசப் என்ற சின்ன ஊர். ஜேக்கப் வெட்டர்லிங்கின் அப்பா அம்மா ஒரு நண்பர் வீட்டு விருந்துக்குப் போயிருந்தார்கள். வீட்டில் ஜேக்கப், 10 வயசுத் தம்பி, கடைக்குட்டித் தங்கச்சி, ஜேக்கப்பின் நண்பன் ஒருத்தன். மறுநாள் பள்ளிக்கூடம் லீவு. கடைக்குப் போய் ஒரு வீடியோ கேசட் எடுத்துட்டு வரலாமான்னு அம்மாவுக்கு போன் போட்டார்கள். அம்மா, இருட்டிருச்சு வேண்டாம் என்றார். பசங்களுக்குத் தெரியாதா, அடுத்து அப்பாவிடம் கேட்டார்கள். அப்பா சரி என்றார். டார்ச் எடுத்துக்கோ, வண்டிக்காரன் கண்ணுக்குத் தெரியற மாதிரி மின்னுற அந்த மேல்சட்டையப் போட்டுக்கோ என்று சொல்லித்தான் அனுப்பினார். தங்கச்சியைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தியை வரச் சொல்லியாகிவிட்டது. என்ன கவனம் வேண்டுமோ அத்தனையும் எடுத்துத்தான் போனார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், குழந்தை தொலைந்த வீட்டைப் பார்த்து ஊர் கேட்கும் முதல் கேள்வி "ராத்திரி நேரத்துல எதுக்கு அனுப்புனீங்க?" என்பதுதான். அங்கேயும் கேட்டார்கள்.

பத்து நிமிஷ சைக்கிள் தூரம். போகும்போது ஒன்றுமில்லை. கேசட் எடுத்துக்கொண்டு ரெண்டு சைக்கிள், ஒரு ஸ்கூட்டரில் திரும்பி வரும்போது மணி ஒன்பதே கால் இருக்கும். தெருவிளக்கு இல்லாத ரோடு. ஸ்கூட்டர் என்றால் பெட்ரோல் வண்டி இல்லை, காலால் உந்தித் தள்ளுகிற பிள்ளைகள் வண்டி. ஒரு பண்ணை வீட்டுக்குப் போகிற மண்தடத்திலிருந்து முகமூடி போட்ட ஆள் ஒருத்தன் வெளியே வந்தான். கையில் துப்பாக்கி. வண்டிகளைப் பள்ளத்தில் போடச் சொன்னான். மூன்று பேரையும் குப்புறப் படுக்கச் சொன்னான். ஒவ்வொருத்தனிடமும் வயசு கேட்டான். தம்பியைப் பார்த்து, காட்டுப்பக்கம் ஓடு, திரும்பிப் பார்த்தால் சுட்டுவிடுவேன் என்றான். பிறகு நண்பனையும் அப்படியே விரட்டினான். ஓடிய ரெண்டு பேரும் தைரியம் வந்து திரும்பிப் பார்த்தபோது ரோட்டில் யாருமில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்து ஆறே நிமிஷத்தில் முதல் போலீஸ் வண்டி வந்துவிட்டது. ஒரு கிராமத்துக்கு இது ரொம்ப வேகம். அடுத்த நாட்களில் எஃப்.பி.ஐ. வந்தது, தேசியக் காவல் படை வந்தது, ஹெலிகாப்டர் பறந்தது, குதிரை மேல் ஆட்கள் போனார்கள். விவசாயிகள் காட்டில் வரிசை கட்டி நடந்தார்கள். நாடு முழுக்க ஜேக்கப்பின் போட்டோ போயிற்று. சிரித்த முகம், மஞ்சள் நிற ஸ்வெட்டர். ஊர்க்காரர்கள் ராத்திரியெல்லாம் வாசல் விளக்கை அணைக்காமல் விட்டார்கள், பையன் திரும்பி வந்தால் வழி தெரியணும் என்று.

இவ்வளவும் நடந்தது. ஆனால் அன்றைக்கு ராத்திரியே அக்கம்பக்கத்து வீடுகளை ஒன்றுவிடாமல் தட்டி, என்ன பார்த்தீர்கள், என்ன கேட்டீர்கள் என்று விசாரிக்கவில்லை. பல வருஷம் கழித்துச் செய்தியாளர்கள் வீடு வீடாகப் போய்க் கேட்டபோதுதான் இது வெளியே வந்தது. நம்ம ஊரில் ஒரு ஆடு காணோம் என்றால் முதலில் என்ன செய்வோம்? பக்கத்துக் காட்டுக்காரனைக் கேட்போம். ஹெலிகாப்டர் அப்புறம்தான்.

இங்கே ஒரு சின்னக் கிளைக் கதை, பால் சம்பந்தப்பட்டது என்பதால் சொல்லாமல் விட மனசில்லை. எண்பதுகளில் அமெரிக்காவில் பால் அட்டைப்பெட்டியில் காணாமல் போன குழந்தைகளின் படம் அச்சடித்து விற்றார்கள். அது மின்னசோட்டாவுக்குத் தெற்கே உள்ள ஐயோவா மாநிலத்தில் 1984இல் தொடங்கியது. டெ மாயின் நகரத்தில் காலையில் பேப்பர் போடப் போன ரெண்டு பையன்கள், ஒருத்தன் 1982இல், ஒருத்தன் 1984இல், காணாமல் போனார்கள். உள்ளூர் பால் கம்பெனி ஒன்று அவர்கள் படத்தைப் பால்பெட்டியில் போட்டது. பிறகு நாடு முழுக்கப் பரவியது. காலையில் குழந்தை சாப்பிட உட்காரும் மேசையில், அதே வயசுக் குழந்தையின் முகம், கீழே "காணவில்லை". அந்த ரெண்டு பையன்களும் இன்றுவரை கிடைக்கவில்லை. ஜேக்கப் காணாமல் போனபோது இந்தப் பயம் ஊறிப்போயிருந்த நாடு அது. எங்கோ தூரத்திலிருந்து ஒரு அந்நியன் வருவான், தூக்கிக்கொண்டு எங்கோ தூரத்துக்குப் போய்விடுவான் என்ற பயம். அதனால் எல்லாரும் தூரத்திலேயே தேடினார்கள். எங்கெங்கோ ஊர்களிலிருந்து பார்த்தேன், பார்த்தேன் என்று தகவல்கள் வந்துகொண்டே இருந்தன. பல்லாயிரம் தகவல்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காகிதம்.

இனி கிட்டே இருந்ததைப் பார்ப்போம்.

ஜேக்கப் தொலைவதற்கு ஒன்பது மாதம் முன்பு, 1989 ஜனவரி 13. செயின்ட் ஜோசப்பிலிருந்து பதினாறு கிலோமீட்டர் தள்ளி கோல்ட் ஸ்பிரிங் என்ற ஊர். 12 வயசுப் பையன் ஒருத்தன் ராத்திரி வீட்டுக்கு நடந்து போய்க்கொண்டிருந்தான். காரில் வந்த ஆள் ஒருத்தன் வழி கேட்கிற மாதிரி நிறுத்தி, இழுத்துப் போட்டுக்கொண்டு போய்ச் சீரழித்துவிட்டு, ஊரோரம் இறக்கிவிட்டான். ஓடு, திரும்பிப் பார்த்தால் சுட்டுவிடுவேன் என்றான். அதே வார்த்தை.

இன்னும் கொஞ்சம் தள்ளி, சுமார் ஐம்பது கிலோமீட்டரில், பெய்ன்ஸ்வில். 1986, 87ஆம் வருஷங்களில் அந்த ஊரில் இருட்டின பிறகு வெளியே போன பையன்கள் பல பேரை ஒருத்தன் மறைந்திருந்து பாய்ந்து பிடித்தான். முகத்தை மறைத்திருப்பான். கரகரத்த குரலை அடக்கிப் பேசுவான். வயசு கேட்பான். தொடக்கூடாத இடத்தில் தொடுவான். பிறகு ஓடச் சொல்வான். போலீசில் சொன்னார்கள். 1987லேயே அந்த ஊர் வாரப் பத்திரிகை எழுதியது. பெற்றோர்கள் பயந்துபோய்க் கிடந்தார்கள். ஆள் மாட்டவில்லை. கொஞ்ச நாளில் எல்லாம் அடங்கிப் போனது. அந்தப் பையன்களும் வளர்ந்து ஆளாகி, மனசுக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டார்கள்.

மூன்று ஊரும் ஒரே கவுண்டி என்பதைக் கவனிங்க. மூன்று ஊருக்கும் மேலே ஒரே ஷெரிஃப் அலுவலகம். ஷெரிஃப் என்றால் கவுண்டியின் போலீஸ் தலைவர், மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். கோல்ட் ஸ்பிரிங் சம்பவத்தையும் ஜேக்கப்பையும் விசாரித்தவர்கள் சேர்த்துத்தான் பார்த்தார்கள், அதை மறைக்க முடியாது. பெய்ன்ஸ்வில் சங்கதிதான் அந்த அளவுக்குப் பிடித்து இழுக்கப்படாமல் ஓரத்தில் கிடந்தது. ஒரு ஊரில் நடப்பது ஒரு டைரியில் இருக்கும், அடுத்த ஊரில் நடப்பது இன்னொரு டைரியில். ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு ஆள் வேணும். ஊருக்குள் எல்லாருக்கும் எல்லாம் தெரியும் என்று நீங்கள் நினைப்பீர்கள். தெரியும்தான். ஒவ்வொருத்தனுக்கும் ஒரு துண்டு தெரியும். சேர்த்து வைத்துப் பேசுவது திருவிழாவிலும் நடக்காது, எழவு வீட்டிலும் நடக்காது. இந்த மாதிரி விஷயத்தில் பேச்சே எழாது. வீட்டுக்குள்ளேயே மூடி வைப்பார்கள், பையன் பெயர் கெட்டுவிடும் என்று.

அந்த டிசம்பரிலேயே பெய்ன்ஸ்வில்காரன் ஒருத்தனை எஃப்.பி.ஐ. விசாரித்தது. டேனி ஹைன்ரிக். வயசு 26. 1990 ஜனவரியில் அவன் ஷூவையும் கார் டயரையும் வாங்கிப் போய்ப் பரிசோதித்தார்கள். சம்பவ இடத்துத் தடங்களை ஒத்திருந்தன, ஆனால் அவனுடையதுதான் என்று அடித்துச் சொல்லும்படி இல்லை. அவன் முடியையும் மாதிரிக்கு எடுத்து வைத்தார்கள். பிப்ரவரியில் கோல்ட் ஸ்பிரிங் வழக்கில் கைதுகூடச் செய்தார்கள். உட்கார வைத்துக் கேட்டார்கள். இல்லை என்றான். விட்டுவிட்டார்கள்.

அவ்வளவுதாங்க. அந்தப் பெயர் அதற்குப் பிறகு காகிதக் குவியலுக்கு அடியில் போய்விட்டது. இருபத்தஞ்சு வருஷம்.

இந்த இருபத்தஞ்சு வருஷத்தில் நடந்ததில் ரெண்டைச் சொல்கிறேன். முதலில் அந்த அம்மா. பேட்டி வெட்டர்லிங், அதுவரை வீட்டையும் நாலு பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டிருந்த சாதாரணத் தாய். மகன் தொலைந்த சில மாதத்தில், 1990இல், அவரும் கணவரும் அவன் பெயரில் ஒரு அறக்கட்டளை தொடங்கினார்கள். விசாரணை செய்த போலீஸ்காரர்களிடம் அந்தம்மா பேசப் பேச ஒரு விஷயம் பிடிபட்டது. இந்த மாதிரிக் குற்றம் முன்பே செய்து தண்டனை வாங்கியவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்ற பட்டியல்கூட அந்தப் பகுதி போலீசிடம் கிடையாது. 1991இல் மின்னசோட்டா அப்படி ஒரு பதிவேட்டுக்குச் சட்டம் போட்டது. 1994இல் அமெரிக்கா முழுக்க எல்லா மாநிலமும் வைக்கவேண்டும் என்று மத்தியச் சட்டம் வந்தது, ஜேக்கப் வெட்டர்லிங் பெயரிலேயே. அந்தம்மா 2004லும் 2006லும் நாடாளுமன்றத் தேர்தலில் நின்று ரெண்டு முறையும் தோற்றார். பிற்காலத்தில், இந்தப் பதிவேடு சின்னப் பிள்ளைகளையும் சேர்த்து அகலமாக வாரிப்போடுகிறது, யோசிக்கவேண்டும் என்று அவரே சொன்னார். தன் மகன் பெயரில் வந்த சட்டத்தைத் தானே கேள்வி கேட்க ஒரு மனசு வேணும். ஒன்று மட்டும் உறுத்துகிறது. அந்தப் பதிவேடு ஜேக்கப் தொலைவதற்கு முன்பே இருந்திருந்தாலும் ஹைன்ரிக் பெயர் அதில் இருந்திருக்காது. இந்தக் குற்றத்துக்கு அவன் அதுவரை தண்டனை வாங்கியதே இல்லை.

ரெண்டாவது, அந்த மண்தடத்துப் பண்ணை வீட்டுக்காரர். பெயர் வேண்டாம், பட்டதே போதும். பள்ளிக்கூடத்தில் சங்கீத ஆசிரியர். கல்யாணமாகாதவர், அப்பா அம்மாவோடு அந்தப் பண்ணையில் குடியிருந்தார். சம்பவத்தன்று பெற்றோர் வெளிநாடு போயிருக்க, அவர் மட்டும் வீட்டில். ராத்திரி தன் விறகுக் குவியல் பக்கம் டார்ச் வெளிச்சம் தெரிந்ததும் போலீசுக்கு போன் செய்தது அவர்தான். தேட வந்தவர்கள்தான் அது என்று பிறகு தெரிந்தது. அன்றைக்குத் தன் வீட்டுத் தடத்தில் ஒரு கார் வந்து திரும்பிப் போனதைப் பார்த்ததாகவும் சொன்னார்.

கொண்டுபோனவன் காரில் வந்தவன் என்றுதான் ரொம்ப வருஷம் போலீஸ் நினைத்தது. 2003இல் ஒருத்தர் வந்தார். அந்த ராத்திரி போலீஸ் வயர்லெஸ் ஒட்டுக்கேட்கும் ரேடியோவில் செய்தி கேட்டு, என்னதான் நடக்கிறது என்று பார்க்கக் காரில் அந்த இடத்துக்குப் போனேன், நீங்கள் முக்கியமாக நினைக்கிற டயர் தடம் என் வண்டியுடையது என்றார். வேடிக்கை பார்க்கப் போனவன் தடம். பதினாலு வருஷம் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். சரி, கார் இல்லை என்றால்? நடந்து வந்தவன். நடந்து வந்தவன் என்றால்? பக்கத்திலேயே இருக்கிறவன். பக்கத்தில் இருக்கிறவன் யார்? தனியாக இருந்த அந்தச் சங்கீத வாத்தியார். இப்படித்தான் கயிறு திரித்தார்கள். ஒரு கார் தடம் தப்பு என்பதால் காரே வரவில்லை என்று எப்படி ஆகும் என்று யாரும் நிறுத்திக் கேட்டதாகத் தெரியவில்லை.

ஜேக்கப்பின் அம்மாவையே உடம்பில் ஒலிப்பதிவுக் கருவியோடு அவரிடம் பேச அனுப்பினார்கள். ரெண்டு பேரையும் நினைத்துப் பாருங்க. 2010இல் ஒருநாள் போலீஸ் ஜேசிபியோடு அந்தப் பண்ணைக்குள் இறங்கியது. தோண்டினார்கள். லாரி லாரியாக மண்ணை அள்ளிக்கொண்டு போனார்கள். மேலே ஹெலிகாப்டரில் டிவிக்காரர்கள். "விசாரணைக்கு உரிய நபர்" என்று அவர் பெயரை வெளியே சொன்னார்கள். குற்றவாளி என்று சொல்லவில்லை, சொல்லாமலே ஊருக்குப் புரிகிற வார்த்தை அது. மண்ணில் ஒன்றும் கிடைக்கவில்லை.

நிலம் வைத்திருக்கிறவனுக்குத் தெரியும், மேல்மண் ஒரு சாண் உருவாக எத்தனை தலைமுறை என்று. அதைக்கூட விடுங்க. சங்கீத வாத்தியாரிடம் பிள்ளையைப் பாட்டு கற்றுக்கொள்ள அனுப்பும் வீடுகள் என்ன யோசித்திருக்கும்? ஆறு வருஷம் அவர் அப்படி வாழ்ந்தார். உண்மை வெளிவந்த பிறகு வழக்குப் போட்டார். தள்ளுபடி ஆகிவிட்டது.

அவர் பண்ணையில் மண்ணைத் தோண்டிய அதே 2010இல்தான் வேறொரு பக்கம் ஒரு பெண் இந்த வழக்கைப் பற்றி எழுதத் தொடங்கியிருந்தார். போலீசும் இல்லை, பத்திரிகைக்காரியும் இல்லை. பெய்ன்ஸ்வில்லுக்குக் கிட்டத்து ஊர்க்காரர். அவரோடு சேர்ந்துகொண்டவர் யார் தெரியுமா? 1989 ஜனவரியில் கோல்ட் ஸ்பிரிங்கில் கடத்தப்பட்ட அந்த 12 வயசுப் பையன். இப்போது பிள்ளைகுட்டியோடு நடுவயசுக்காரர். 2013இல் அந்தப் பெண்ணுக்குப் பெய்ன்ஸ்வில் பழைய பத்திரிகைச் செய்தி கிடைத்தது. ரெண்டு பேருமாக அந்த ஊரில் ஒவ்வொருத்தராகத் தேடிப் போனார்கள். 1986, 87இல் பிடிபட்ட பையன்கள், இப்போது நாற்பதைத் தொடப்போகிறவர்கள், வாய் திறந்தார்கள். சிலர் மனைவியிடம்கூட அதுவரை சொன்னதில்லை. இருட்டு, கரகரத்த குரல், வயசு கேட்டது, ஓடு திரும்பிப் பார்க்காதே. எல்லாரும் சொன்னது ஒரே ஆளைத்தான் என்பது சேர்த்து வைத்ததும் தெரிந்தது. பெரிய அலுவலகங்கள் செய்யாத வேலையை ரெண்டு பேர் டீ குடித்துக்கொண்டே செய்தார்கள் என்று வையுங்களேன்.

இந்தப் பேச்சு கிளம்பியதும் விசாரணையும் பழைய பெட்டிகளைத் திறந்தது. கோல்ட் ஸ்பிரிங் பையன் அன்று போட்டிருந்த மேல்சட்டையைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். அதிலிருந்த டிஎன்ஏவும் 1990இல் ஹைன்ரிக்கிடம் எடுத்த முடியின் டிஎன்ஏவும் 2015 ஜூலையில் ஒத்துப்போயின. இதில் அந்தக்கால போலீசுக்கு ஒரு கும்பிடு போடலாம், தூக்கி எறியாமல் வைத்திருந்தார்களே. ஆனால் அந்தக் குற்றத்துக்கு வழக்குப் போடும் காலக்கெடு சட்டப்படி எப்போதோ முடிந்துவிட்டது. ஆள் இவன்தான் என்று தெரியும், கை வைக்க முடியாது. அவன் வீட்டைச் சோதனை போட்டதில் குழந்தைகளை வைத்து எடுத்த ஆபாசப் படங்கள் கிடைத்தன. அதில் 25 குற்றச்சாட்டு. அந்த அக்டோபரில் கைது.

ஜேக்கப் விஷயத்தில் மட்டும் கையில் ஒன்றுமே இல்லை. உடல் இல்லை, சாட்சி இல்லை. பேரம் பேசினார்கள். நீ ஜேக்கப் இருக்கும் இடத்தைக் காட்டு, நடந்ததை நீதிமன்றத்தில் உன் வாயால் சொல். கொலை வழக்குப் போடமாட்டோம். 25இல் ஒரு குற்றச்சாட்டை மட்டும் ஒத்துக்கொள், அதற்கு 20 வருஷம். பெற்றோரைக் கேட்டுத்தான் செய்தார்கள். அவர்கள் சரி என்றார்கள்.

2016 ஆகஸ்ட் கடைசியில் ஹைன்ரிக் அதிகாரிகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பெய்ன்ஸ்வில் அருகே ஒரு மேய்ச்சல் நிலத்தைக் காட்டினான். சிவப்பு ஹாக்கி ஜாக்கெட் கிடைத்தது. எலும்புகள் கிடைத்தன. பல்லை வைத்து ஜேக்கப்தான் என்று செப்டம்பர் 3ஆம் தேதி உறுதி செய்தார்கள். அவன் முதலில் புதைத்த இடம் அது இல்லை. ஒரு வருஷம் கழித்து அந்தப் பக்கம் போனபோது ஜாக்கெட்டின் ஒரு ஓரம் மண்ணுக்கு மேலே தெரிந்ததாம். எடுத்து, ரோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் கொண்டுவந்து மறுபடி புதைத்திருக்கிறான். அந்த நாட்டில் குளிர்காலத்தில் நிலமே உறைந்து கட்டியாகிவிடும். வசந்தத்தில் இளகும்போது அடியில் கிடக்கும் கல்லெல்லாம் மேலே ஏறி வரும். வருஷாவருஷம் உழவுக்கு முன்னால் கல் பொறுக்குவது அங்குள்ள விவசாயிகளுக்கு ஒரு தனி வேலை. மண் தன் பங்குக்கு ஒரு தடவை காட்டிக்கொடுத்துத்தான் இருக்கிறது. பார்த்தவன் அவனாகப் போய்விட்டான்.

செப்டம்பர் 6, மினியாபொலிஸ் மத்திய நீதிமன்றம். பெற்றோர், தம்பி, அன்று கூட இருந்த நண்பன், கோல்ட் ஸ்பிரிங்காரர் எல்லாரும் இருக்க, ஹைன்ரிக் குரல் ஏற்றம் இறக்கம் இல்லாமல் சொன்னான். காரில் போலீஸ் வயர்லெஸ் கேட்கும் ரேடியோ வைத்திருந்தானாம். பையனைக் கைவிலங்கு போட்டு ஏற்றிக்கொண்டு அந்த ராத்திரியே கொன்றுவிட்டான். தேடத் தொடங்கிய முதல் விடியலிலேயே ஜேக்கப் உயிரோடு இல்லை. விலங்கு மாட்டியபோது பையன் கேட்டானாம், "நான் என்ன தப்பு செஞ்சேன்?"

இதைப் படித்த அன்று ரெண்டாவது வேலை பார்க்க முடியவில்லை எனக்கு.

நவம்பர் 21ஆம் தேதி 20 வருஷம் தீர்ப்பானது. கொலைக்கு என்று ஒரு நாள்கூட இல்லை. இது நியாயமா என்று நிறையப் பேர் சண்டை போட்டார்கள், இன்னமும் போடுகிறார்கள். 11 வயசுப் பிள்ளையைக் கொன்றவனுக்குப் படம் வைத்திருந்த குற்றத்துக்குத் தண்டனையா என்று. என்னைக் கேட்டால், அந்தப் பெற்றோர் செய்தது சரி. பேரம் இல்லை என்றால் அவன் அதே படக் குற்றத்துக்கு உள்ளே போயிருப்பான், வாயைத் திறக்காமலே ஒருநாள் செத்திருப்பான். அவர்கள் வீட்டு வாசல் விளக்கு எரிந்துகொண்டே இருந்திருக்கும். பெற்றவர்களுக்கு முதலில் பிள்ளை வீட்டுக்கு வரணும், எந்த உருவத்தில் ஆனாலும். ஆனால் அரசாங்கத்துக்கு அது சரியா? இல்லைன்னுதான் சொல்வேன். பேரம் பேசவேண்டிய இடத்துக்கு வந்து நின்றதே அரசாங்கம் 1990இல் விட்ட கோட்டையால்தானே. அந்தப் பிப்ரவரியில் இன்னும் நாலு பெய்ன்ஸ்வில் பையன்களைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் ஒரு வழக்கு நின்றிருக்கும். ஜேக்கப்பைக் காப்பாற்றியிருக்க முடியாது. அந்தக் குடும்பத்தின் இருபத்தாறு வருஷத்தையும் சங்கீத வாத்தியாரின் ஆறு வருஷத்தையும் காப்பாற்றியிருக்கலாம்.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. 2017இல் அந்தக் கவுண்டிக்கு வெளியிலிருந்து டான் குட்மண்ட்சன் என்பவரை ஷெரிஃபாகக் கொண்டுவந்தார்கள். வழக்கு முடிந்ததால் ஆவணங்கள் எல்லாம் பொதுமக்கள் பார்வைக்கு வந்தாக வேண்டும் என்பது அங்கே சட்டம். தங்கள் குடும்பத்தின் அந்தரங்கப் பக்கங்களை மட்டுமாவது விட்டுவிடுங்கள் என்று ஜேக்கப்பின் பெற்றோர் நீதிமன்றம் போனார்கள். நடக்கவில்லை. தொலைந்த பிள்ளையின் அப்பாவைத்தான் முதலில் சந்தேகப்படுவார்கள் இல்லையா, அப்படி அவரைக் குடைந்த காகிதங்களெல்லாம் அதில் இருந்தன. ஜெயிக்கவேண்டியது அவர்களா, ஊர் ஜனங்களா என்று எனக்கு இன்னும் தீரவில்லை. 2018 செப்டம்பர் 20ஆம் தேதி 40,000 பக்கத்துக்கு மேல் வெளியே வந்தது.

வழக்கமாக இந்த மாதிரி நாளில் அதிகாரி ரெண்டு வார்த்தை வருத்தம் சொல்லிவிட்டுப் போவார். குட்மண்ட்சன் அப்படிச் செய்யவில்லை. மேடையில் நின்று, எந்தத் தேதியில் என்ன தகவல் வந்தது, அதை யார் என்ன செய்தார்கள், எங்கே தடம் புரண்டது என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஹைன்ரிக்கை உட்கார வைத்துக் கேட்ட விதத்தை வெளுத்து வாங்கினார். தோற்றது நாம் எல்லாரும்தான் என்றார். அன்றைக்கு அதே இடத்தில் இருந்த ஓய்வுபெற்ற எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருவர் கோபப்பட்டு மறுத்தும் பேசினார். அதுவும் நல்லதுதான். ரெண்டு பேர் பேச்சும் பதிவாகி இருக்கிறது, ஆவணங்களும் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் எடுத்துப் படித்து, இந்த இடத்தில் இப்படிச் செய்திருக்கணும் என்று சொல்லலாம். காணாமல் போன பிள்ளைகளின் கட்டு எந்த அலமாரியில் இருக்கிறது என்றே தெரியாத ஊர்கள் உலகத்தில் எத்தனையோ.

ஜேக்கப்பின் அம்மா 2023இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். மகனுக்கு எழுதும் கடிதத்தின் தொடக்கம் மாதிரி, "அன்புள்ள ஜேக்கப்" என்று தலைப்பு. கூட இருந்து எழுதிக் கொடுத்தது, பெய்ன்ஸ்வில் வீடுகளில் கதவைத் தட்டிய அதே பெண்.